ஆவிக்கு ஒரு கோட்டு

நாடகத்துக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவன் எல்லா நாடகத்தையும் கடைசிவரை பார்த்தாக வேண்டும். நடுவில் எழுந்து போனால் கிரீடம் வீடு திரும்பாது. டிக்கெட் வாங்கி நொந்த உங்களுக்காவது இடைவேளையில் பஸ் பிடித்து ஓட வழி இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. அறுபதுகளில் மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று எந்தத் தமிழ்ச் சங்கம் நாடகம் போட்டாலும், டோப்பா, மீசை, வாள், கோட்டு எல்லாம் அடைத்த டிரங்குப் பெட்டியோடு படுதா ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் பள்ளிக்கூடம் பார்த்தவன் இல்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதே நாடக நோட்டீஸில்தான். ஆனால் இத்தனை பார்த்தவனுக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு என்பது என் கட்சி.

இருமினால் சாவு

முதல் காட்சியில் அம்மா இருமினால் மூன்றாம் காட்சியில் செத்துப்போவாள். சிகரெட் பிடிப்பவன் கெட்டவன். அப்பா செத்திருந்தால் கட்டாயம் ஆவியாக வந்து மகனுக்குப் புத்தி சொல்வார். மாட்டுங்காவில் சேஷு சார் என்று ஒரு பாங்கு குமாஸ்தா. வருஷத்துக்கு ஒரு நாடகம் எழுதுவார், எல்லாவற்றிலும் இந்த மூன்றும் இருக்கும். ஒருநாள் பொறுக்காமல் ஒத்திகையிலேயே கத்திவிட்டேன்: "ஏன் சார், உங்க ஊர்ல இருமாம எவனும் சாகமாட்டானா?"

மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பாய், பம்பாயிலே சும்மா காணாமப் போறவன்தான் ஜாஸ்தி. அதை எப்படி ஓய் சீன் போடறது?"

தானாகக் குறைந்த விலை

ஆவி வேஷத்துக்கு நீளமான கறுப்புக் கோட்டு கேட்டார்கள். பழைய சாமான் சந்தையில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கம்பளி, முழங்காலுக்குக் கீழே இறங்கும், துறைமுகக் காவல்காரர்கள் போடுகிற தினுசு. நான் பேரத்துக்குத் தொண்டையைச் செருமினேன். கடைக்காரக் கிழவன் அவனாகவே விலையைக் குறைத்தான். நான் கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். இன்னும் குறைத்தான். வாயே திறக்காமல் பேரத்தில் ஜெயித்தது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். எனக்கு அது பிடிக்கவில்லை. எதிராளி தானாக விட்டுக்கொடுத்தால் சாமானில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

இடது பைக்குள் கைவிட்டேன். ஈரம். மே மாத வெயிலில் தொங்குகிற கம்பளிக்குள் ஈரம். விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. 'என்னய்யா இது?' என்று திரும்பினேன். கிழவன் நான் கொடுத்ததை எண்ணாமலேயே மடியில் போட்டுக்கொண்டு, எடுத்துக்கொண்டு போ, திரும்பக் கொண்டுவராதே என்று கையை உதறினான்: "லே ஜாவ், பாய். வாபஸ் மத் லானா."

பாத்திரத்துக்குப் பொருந்தாத ஆள்

முதல் தடவை அந்தக் கோட்டு தாராவியில் மேடை ஏறியது. ஆவியாக வந்தவர் தொந்தி பெருத்த மளிகைக் கடைக்காரர். சங்கத்துக்கு அரிசி கொடுத்தவர் என்பதால் வேஷம் கொடுத்திருந்தார்கள். ஆவிக்கு மூச்சு இரைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாடகம் முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை உள்ளே வந்தாள். பெயர் செல்லத்தாய். தையல் பட்டறையில் காஜா எடுத்து பட்டன் தைக்கிறவள், என்னைப்போலத் திருநெல்வேலிப் பக்கம். "அந்த ஆளு சரியில்ல பாய். எங்க வீட்டு அவுக இப்படி அசைஞ்சு அசைஞ்சு நடக்க மாட்டாவ" என்றாள். யாரம்மா உன் வீட்டுக்காரன், அவனுக்கும் நாடகத்துக்கும் என்ன என்று எரிந்து விழுந்தேன். துறைமுகத்தில் காவல் வேலைக்குப் போன புருஷன் ஆறு வருஷமாகத் திரும்பவில்லையாம். இருக்கிறானா, செத்தானா, தகவல் இல்லை. பொட்டு வைத்தால் தெருவில் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் வீட்டில் ஒரு பேச்சு. தான் யார் என்று தெரியாமல் ஆறு வருஷம். அதெல்லாம் சரி, கோட்டுக்குப் பாத்தியதை கொண்டாட வந்தாயா என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். மூணாவது பட்டனை மட்டும் பாருங்க. கறுப்பு நூல் தீந்துபோயி நான் செவப்புல தச்சேன்."

பார்த்தேன். சிவப்பு நூல்தான். கோட்டு அடுத்து எந்த மேடைக்குப் போகிறது என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஹிந்தி எழுத்தில் ஆவி

அடுத்தது மாட்டுங்காவில் சேஷு சாருடைய நாடகம். புதையல் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் செத்த அப்பா, ஆவியாக வந்து, "மகனே, குழி! மாமரத்தடியில் குழி!" என்று கை நீட்டுவார். ஆவியாக ரமணி என்று ஒரு இளைஞன், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். வீட்டில் தமிழ் பேசுவான், வாசிக்க வராது. அதனால் வசனத்தை ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஹிந்தி எழுத்தில் ழ-வுக்கு எங்கே போவது? மராத்தி ள-வைப் போட்டு ஒப்பேற்றியிருந்தார்கள். அவனும் எழுதியபடியே முழங்கினான்: "மகனே, குளி! மாமரத்தடியில் குளி!"

சபை இடிந்து விழுந்தது. "குழாயில தண்ணி கார்த்தாலதான் வரும், இப்ப எப்படிடா குளிக்கறது!" என்று பின்வரிசையில் ஒருத்தர் கத்தினார். சேஷு சார் தலையில் அடித்துக்கொண்டார். நான் ரமணியைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவனோ, "பாய், பையிலே ஏன் ஈரமா இருக்கு?" என்று என்னையே கேட்டான். அந்தக் கூட்டத்தில் செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இந்துக்கள் வீடுகளில் ஒரு முறை உண்டு. சாவுச் செய்தி வந்தால் சொல்கிறவன் சுற்றி வளைக்க மாட்டான், 'குளிச்சிரு' என்பான். எழுந்துபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். எனக்கு அது நினைவு வருவதற்குள் அவள் வந்து என் முன்னால் நின்றுவிட்டாள். "அது குழிம்மா! புதையல் குழி! இந்தப் பயலுக்கு நாக்கு சரியில்லை!" என்று முந்திக்கொண்டேன்.

"செரி பாய். நாக்கு அந்தப் பையனுதுதான். எங்க வீட்டு அவுக யாரைக் குளிக்கச் சொன்னாவ?"

செம்பூரில் நாலு மணி

அதே நாடகம் இரண்டாம் முறை, செம்பூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், ஞாயிறு மாலை நாலு மணி. சேஷு சார் வம்பே வேண்டாம் என்று ஆவியின் வசனத்தை அடித்துவிட்டார். கை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். தொடங்குமுன் முகம் கழுவலாம் என்று முற்றத்துக் குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. செல்லத்தாய் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆவி வந்தது. கை நீட்டியது. சபையில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்கு எட்டடி தூரத்தில், மெதுவாக, வீட்டுக்குள் பேசுகிற குரலில் கேட்டது: "குளிச்சிருட்டீ."

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பையனுக்கு அந்த 'ட்டீ' எங்கிருந்து வரும்? எங்கள் சீமையில் கட்டினவளைக் கூப்பிடுகிற ட்டீ அது. செல்லத்தாய் எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் அந்தக் குழாயைத் திருகினாள். கொட்டோகொட்டென்று கொட்டியது. சேலையோடு கீழே உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள். பொட்டு கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. பிறகுதான் அழுதாள். ஆறு வருஷத்து அழுகை.

நான் திரும்பி ஓடிப்போய், மேடையை விட்டு இறங்கிய ரமணியின் கழுத்துப்பட்டையைப் பிடித்தேன். அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றுவிட்டது. அவன் முகம் அப்படி வெளுத்திருந்தது.

"எனக்கு அந்த சீன்ல வசனமே இல்லையே, பாய். பின்னாலேருந்து யார் பேசினா?"

நடக்காத பேரம்

அவள் தலை துவட்டி முடித்தபோது, கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். இனாமாக எதையும் கொடுத்துப் பழக்கமில்லாததால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கை தானாக இடது பைக்குள் போனது. காய்ந்து மொரமொரவென்று இருந்தது, இஸ்திரி போட்டதுபோல. குழாயைத் திருகிப் பார்த்தேன். காற்று.

"வச்சுக்க தாயி, உன் சாமான்" என்றேன். அவள் கோட்டை வாங்கி, மூன்றாவது பட்டனைப் பல்லால் அறுத்தாள். முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு கோட்டின் தோள்பட்டையைத் தட்டிச் சரிசெய்து, வேலைக்கு அனுப்புகிற மாதிரி என் கையில் திருப்பிக் கொடுத்தாள். வேஷக்காரனைப் பற்றி முதல் தடவையாக அவளுக்குக் குறை இல்லை.

"அந்தப் பையனுக்கே குடுங்க பாய். இன்னைக்கு நடை சரியா இருந்துச்சு."

அதற்கப்புறம் எந்த நாடகத்தில் ஆவி வந்தாலும் அதற்கு ஒரு வரியாவது எழுதித் தரச் சொல்லி ஆசிரியர்களோடு சண்டை போடுகிறேன். எழுதிக்கொடுத்ததைத் தப்பாகப் பேசினால் திட்டித் திருத்தலாம், எழுதிக்கொடுக்காததைச் சரியாகப் பேசினால் நான் யாரைப் போய்த் திட்டுவது?