மரியதாஸ் அண்ணன் முடிக்காத கணினி

மரியதாஸ் அண்ணன் இறந்த செய்தி எங்கள் ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். ஸ்கூடாய் சாலையில், மழையில், அவருடைய மோட்டார் சைக்கிளை லாரி மோதிவிட்டதாம். ஓய்வு நாளில் அவருக்கு அங்கே என்ன வேலை என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

பாசிர் கூடாங்கில் எங்கள் ரசாயன ஆலையில் பதினோரு ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தேன். கருவிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன் அவர். வரைபடத்தைப் பார்க்காமல் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். அவசரப்படுத்தினால், "ஓடுறதுக்கு என்ன பஸ்ஸயா விட்டுட்டோம்?" என்பார். எரிச்சலாக வரும். ஆனால் அவர் கைவைத்த எதையும் மறுபடி திறக்க வேண்டி வந்ததில்லை.

அவர் மகள் ஷெரினுக்குப் பதினைந்து வயது. கேம் விளையாட ஒரு கணினி கேட்டாள். கடையில் பாகங்களைச் சேர்த்து விற்பதில் உள்ளே என்ன இருக்கிறதோ என்று இவர் ஒவ்வொரு பாகமாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். ஆலை வேலைக்குச் செய்வதுபோல விவரத் தாள்களை அச்சிட்டு, ஃபைல் போட்டு, எது எதற்குப் பொருந்தும் என்று பேனாவால் குறித்தார். கேண்டீனில் தட்டில் மீ கோரிங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்கும், இவர் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நாங்கள் ஓட்டாத நாளில்லை. ஒருநாள் என்னிடம் மட்டும், "அவ அம்மா போனதுக்கு அப்புறம் எங்கிட்ட வாய் திறந்து கேட்ட மொத சாமான் இது. தப்பாயிடக் கூடாது லா" என்றார். அதன்பின் நான் ஓட்டவில்லை.

ஆனாலும் தப்பாகிவிட்டது. எல்லாப் பாகங்களும் அடங்கும் பெட்டியான கேசிங்கின் உள்நீளமும் கார்டின் நீளமும் தாளில் சரியாகவே இருந்தன. ஷெரின் ஆசைப்பட்ட மூன்று வெள்ளை விசிறிகளை முன்பக்கம் உள்ளே பூட்டியதும் இடம் குறைந்துபோனது. அவற்றின் தடிமனை அண்ணன் கழிக்க மறந்திருந்தார். கார்டு உள்ளே போகவில்லை. மறுநாள் வெட்கத்தோடு சொன்னார். ஞாயிறு பூசை முடிந்ததும் மைத்துனர் காரில் போய்ப் பெரிய கேசிங்காக மாற்றிக்கொள்வதாக இருந்தார். நான் விட்டேனா? "புள்ள எத்தன நாளா காத்துக்கிட்டு இருக்கு. நாளைக்கு உங்களுக்கு லீவுதானே, போய் மாத்திட்டு வாங்கண்ணே" என்றேன். யார் சொல்லியும் அவசரப்படாத மனிதர், என் பேச்சைக் கேட்டு, கேசிங்கை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஸ்கூடாய்க் கடைக்குக் கிளம்பினார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். ஷெரின் இப்போது பாலோ ஊரில் அத்தை வீட்டில் இருக்கிறாள். கணினியை முடித்துத் தர ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் ஆன்ட்டி. நான் அந்த ஃபேன் கேக்காம இருந்திருந்தா அப்பா போயிருக்கவே மாட்டாங்க."

நான் வாயை மூடிக்கொண்டிருந்த முப்பது நாளும் இந்தப் பிள்ளை தன்னையே குற்றவாளியாக்கி அழுதிருக்கிறது. அங்கேயே சொன்னேன்.

"அப்பா ஞாயித்துக்கெழம கார்ல போறதாத்தான் இருந்தாங்கம்மா. நான்தான் அவசரப்படுத்தி அனுப்புனேன்."

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி அத்தையிடம் போய்விட்டாள். அன்றிலிருந்து நான் அழைத்தால் எடுப்பதில்லை.

இதை வாசிக்கும், அண்ணனை அறிந்த உங்களிடமும் இப்போது சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவர் மகளின் இந்தக் கோபம்தான். அது அவள்மேல் இருப்பதைவிட என்மேல் இருக்கட்டும்.