மூன்றாவது மாடியில் தொங்கும் பை

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் காலையிலிருந்து மழை. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தன் புத்தகங்களை பாலிதீன் பையில் கட்டி, ஜன்னல் கம்பியின் உச்சியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவளைப் பள்ளியிலிருந்து சுந்தரவனத் தீவு ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவள் தங்கிய வீட்டில் மௌசுமி என்ற பெண், வெள்ளத்துக்குப் பயந்து புத்தகங்களை இப்படித்தான் கூரை விட்டத்தில் கட்டி வைத்திருந்தாளாம்.

"நாம மூணாவது மாடியில இருக்கோம்மா. இங்கல்லாம் தண்ணி வராது," என்றேன்.

"மௌசுமியோட அப்பாவும் வராதுன்னுதான் சொன்னாராம்ப்பா."

"அப்புறம்?"

"அவரைப் பத்தி அதுக்கு மேல அவ பேசலப்பா," என்று சொல்லிவிட்டு இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

அவள் டியூஷனுக்குக் கிளம்பியதும் ஸ்டூல் போட்டு ஏறி, என் பாஸ்போர்ட்டையும் அந்தப் பைக்குள் வைத்தேன்.

மழை இன்னும் விடவில்லை. உங்கள் வீட்டில் உயரத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்?