ஸ்ரௌவ்வில் வீதியில் கிடந்த ஒப்போசம்

காலை ஆறரை மணி. ஸ்ரௌவ்வில்லிலிருந்து ரொறன்ரோவுக்குப் போகும் வீதியின் நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ கிடக்கிறது.

"அண்ணை, ஒருக்கால் நிப்பாட்டுங்கோ."

நான் போகும் ராக்ஸிக் காரை ஓட்டும் சிவம் அண்ணை ஓரங்கட்டுகிறார்.

பூனையளவில் ஓர் ஒப்போசம், கங்காருவைப்போல் வயிற்றில் பையுள்ள பிராணி. வாய் திறந்து நாக்கு தள்ளியிருக்கிறது. வால் நுனி குளிரில் கருகியிருக்கிறது.

நான் இருக்கும் ஆஸ்திரேலியத் தீவான தஸ்மேனியாவில் செத்த பிராணியை ரோட்டில் விடமாட்டோம். அதைத் தின்ன டெவில் என்ற காட்டுப்பிராணி வரும், அடுத்த கார் அதையும் அடிக்கும். நோயால் ஏற்கெனவே குறைந்துபோன இனம் அது. செத்த தாயின் வயிற்றுப் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கிறதா என்றும் பார்ப்போம்.

கையுறை மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.

"இஞ்சை டெவில் இல்லையே," என்கிறார் அண்ணை காருக்குள் இருந்தபடி.

"இல்லைத்தான். கை பழகிப்போச்சு."

புல்வரை இழுத்துப்போட்டு அதன் வயிற்றுப் பையை விரிக்கிறேன். உள்ளே ஐந்தாறு குட்டிகள் அசைகின்றன. தாயில்லாமல் இவை தப்பா. எடுத்துச் சுற்றத் துவாயை விரிக்கும்போது அண்ணை இறங்கி வருகிறார்.

"எடுக்காதேங்கோ. உது சாகேல்லை. பயந்தா உப்பிடித்தான் கிடக்கும். எங்கட கராஜுக்குள்ளயும் கிடந்தது."

"முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை."

"நீங்கள் கையுறையோட இறங்கினியள். தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சன்."

காருக்குள் இருந்து பார்க்கிறோம். கனநேரம் கழித்து ஒரு காது அசைகிறது. பிறகு எழுந்து, கனத்த பையோடு புல்லுக்குள் நடக்கிறது.

இத்தனை வருடங்களில் நான் வீதியிலிருந்து இழுத்துப்போட்டதில் எழுந்து நடந்தது இது ஒன்றுதான்.