கடைசி எண்

மெட்டுகுடா சிலாஸ் ரயில்வே பட்டறையில் முப்பத்தோரு வருடம் பித்தளை துலக்கியவர். அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்றால் பெட்டியின் கைப்பிடி, தாழ்ப்பாள், கொக்கி எல்லாவற்றிலும் முகம் தெரிய வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குத்துவிளக்கைக்கூட விட்டுவைக்காது. பாவம், அதற்கு வேறு என்ன தெரியும்?

மகன் வெஸ்லி போன சரக்குக் கப்பல் 2013இல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் வந்தார். ஒரு காசைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, "வெஸ்லி வீட்டுல குடுக்கச் சொன்னான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்போது சொன்னான் என்று கேட்க அந்த மகராசிகளுக்குத் தோன்றவில்லை.

காசு கறுத்து, குழி விழுந்திருந்தது. ஒரு பக்கம் ராஜா முகம், மறுபக்கம் கோபுரம், கீழே புரியாத சுழிகள். அப்போது இன்னும் ஓய்வு பெறாத சிலாஸ் திங்களன்றே பட்டறைக்குக் கொண்டுபோய் மெருகுச் சக்கரத்தில் பிடித்தார். பிறகு சனிக்கிழமைதோறும் களிம்பு போட்டுத் தேய்ப்பார். மனைவி ஞானசௌந்தரி அதைப் பைபிளுக்குள் வைத்து ஆராதனைக்கு எடுத்துப்போவாள். நினைவு ஜெபம் வைக்கலாமா என்று பாஸ்டர் கேட்கும்போதெல்லாம், "நக்கோ, வேணாம் பாஸ்டர், காசு வந்திருக்குல்லா" என்பாள்.

இந்த வருடம்தான் யாரோ சொன்னார்கள், ஹப்சிகுடாவில் காசு சேகரிக்கும் பாலசுப்ரமணியன் எந்தக் காசானாலும் நாடும் வருடமும் சொல்லிவிடுவாராம்.

"கப்பல் போன பெறவு அடிச்ச காசுன்னா எம்புள்ள அதுல சாவலன்னுதான அர்த்தம்? இன்னைக்கே போயிட்டு வாங்க" என்றாள் ஞானசௌந்தரி.

பெரிய மனிதர் பார்க்கப்போகிறாரே என்று கிளம்புமுன் சிலாஸ் அதை இன்னொரு தரம் துலக்கினார்.

பாலசுப்ரமணியன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "தாய்லாந்து. ரெண்டு பாத்."

"வருஷம் சார்?"

காசை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இந்தச் சுழி எல்லாம் அவங்க எண். ரெண்டு, அஞ்சு, அஞ்சு தெரியுது. கடைசி எண் போயிடுச்சு. அது புத்தர் ஆண்டு, நம்மளவிட 543 வருஷம் கூட. நம்ம கணக்குல 2007லேருந்து 2016க்குள்ள எதுவா வேணா இருக்கலாம்."

"பொழக்கத்துல தேஞ்சிருக்குமோ?"

"இல்லே. கை மாறித் தேஞ்சா மேடு மட்டும்தான் போகும். இது பூரா வழவழன்னு இருக்கு, ஒரே பக்கமா கீறல். இந்தக் குழி உப்புத்தண்ணி அரிச்சது. அது பரவாயில்லே, அந்தக் கறுப்போட கொண்டுவந்திருந்தா படிச்சிருக்கலாம். துலக்கின காசுக்கு நாங்க தரமே போடறதில்லே. எதுக்கு சார் தேய்ச்சீங்க?"

கடல் விட்டுவைத்ததை அப்பன் கை விட்டுவைக்கவில்லை. சிலாஸுக்கு அழுகையாக வந்தது.

வாசலிலேயே நின்றிருந்தாள் ஞானசௌந்தரி. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் திட்டவுமில்லை, அழவுமில்லை. காசை வாங்கி அவர் சட்டைப்பையில் போட்டாள்.

அந்த ஞாயிறு பைபிளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஆராதனை முடிந்ததும் தானே பாஸ்டரிடம் போய் நினைவு ஜெபத்துக்குத் தேதி கேட்டாள்.