என் இரத்தம், மாமாவின் எண்

என் அக்காள் கணவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பதை முதலில் பார்த்தவன் நான். பார்த்ததைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பிறகு அவர் வீட்டுக்கே போய், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவர் கையால் சாப்பாடும் வாங்கித் தின்றேன்.

மனிதன் செய்கிற காரியமா இது? நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்! இத்தனை காலமாக என்னை ஒருவரும் கேட்கவில்லையே என்பதுதான் என் வேதனை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை, வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, மறைப்பானேன்!

இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. அதில் இருபத்திரண்டாம் குரோமோசோம் ஒடிந்து, ஒரு துண்டை ஒன்பதாம் குரோமோசோமிடம் கொடுத்துவிட்டுக் குட்டையாக நிற்கும். ஒடிந்த இடத்தில் எந்த மரபணு எதனோடு ஒட்டிக்கொள்கிறது, அது வெள்ளணுக்களை ஏன் இப்படிக் கண்மண் தெரியாமல் பெருக வைக்கிறது என்பதே அந்நாளில் எங்கள் துறையின் பெரிய கேள்வி. நோயாளிகளின் இரத்தம் மருத்துவமனை வார்டிலிருந்து எங்களுக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் இரத்தமும் வேண்டும். அதைத் தேடித்தான் நான் பிறந்த தோட்டத்துக்குப் போனேன்.

தோட்டத்தில் ஊசியென்றால் எல்லோருக்கும் நடுக்கம். கோவில் பக்கத்துக் கொட்டகையில் மேசை போட்டு நான் உட்கார்ந்ததும், கூட்டம் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தது. முதலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தவர் வேலு மாமா, என் அக்காளின் கணவர். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், அப்போது ஈப்போவுக்கு மணல் லாரி ஓட்டினார்.

"மச்சானுக்கு நம்மளே குடுக்காட்டி வேற யாரு குடுப்பா? வாங்கலா! வெளிய கிளினிக்குல போனா காசு. இங்க சும்மாவே உடம்ப செக் பண்ணிக் குடுக்குறான்" என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

நான் திருத்தியிருக்க வேண்டும். அவர்கள் உடம்பில் நோயைத் தேட நான் வரவில்லை. நோயில்லாதவர்கள் என்று நானே முடிவுகட்டி, அந்த இரத்தத்தை எடுத்துப்போக வந்தவன். அதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. சொன்னால் பாதிப்பேர் திரும்பிப் போயிருப்பார்கள். மாமாவின் பேச்சைக் கேட்டு வரிசை நீண்டது. எனக்கு வேலை சுலபமாக முடிந்தது.

அந்தக் காலத்தில் குரோமோசோம்களைப் படமெடுத்து, படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, சோடி சோடியாக அட்டையில் ஒட்டுவோம். மாமாவின் இரத்தத்தில் எடுத்த படத்தையும் அப்படித்தான் வெட்டினேன். மாமா என்று நினைத்து வெட்டவில்லை. புட்டியில் ஓர் எண், படத்தின் பின்புறம் அதே எண், அவ்வளவுதான்.

இருபத்திரண்டாம் சோடியை ஒட்டும்போது ஒன்று குட்டையாக இருந்தது.

கத்தரிக்கோல் வாலை நறுக்கிவிட்டதோ என்று மூலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் குட்டை. நுண்ணோக்கியில் மறுபடி பார்த்தேன். எல்லா அணுக்களிலும் இல்லை, சிலவற்றில் இருந்தது. பக்கத்திலேயே ஒன்பதாம் குரோமோசோம், கூடுதல் துண்டைச் சுமந்துகொண்டு... ஐயோ, எத்தனை நோயாளிகளின் படத்தில் அதைப் பார்த்திருக்கிறேன்! எண்ணுக்குரிய பெயரைத் தேடி எடுத்தேன்.

மாமாவுக்கா? காலையில் லாரி, மாலையில் பந்து விளையாட்டு என்று ஓடித்திரிகிற மனிதருக்கா?

இல்லை, புட்டி மாறியிருக்கும்! அப்படித்தான் எனக்கு நானே சொன்னேன். வார்டிலிருந்து வந்த நோயாளிகளின் புட்டிகளையும் தோட்டத்துப் புட்டிகளையும் ஒரே ஐஸ் பெட்டியில் வைத்தவன் நான்தான். மாறியிருக்கலாம், வாய்ப்புண்டு. அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மாமாவிடம் மறுபடி இரத்தம் எடுத்திருக்க வேண்டும். ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி வெள்ளணுக்களைப் பார்த்திருந்தால் போதும்... ஒரே ஒரு சொட்டு!

நான் அதைச் செய்யவில்லை. புட்டி மாறியது என்று ஒப்புக்கொண்டால் அந்தத் தொகுதி முழுவதும் குப்பைக்குப் போகும்; ஆய்வுக்கூடத் தலைவர் என்னை ஆய்விலிருந்தே விலக்கியிருப்பார். புட்டி மாறவில்லை என்றால்... அக்காள் முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு பக்கமும் எனக்குப் பயம். ஆகவே மூன்றாவதாக ஒன்றைச் செய்தேன். என் கையிலிருந்தே இரத்தம் எடுத்தேன். அதன்மேல் மாமாவின் எண்ணை எழுதினேன். பழைய படங்களைக் கிழித்தேன்.

என் குரோமோசோம்கள் அழகாக, குறையில்லாமல், சோடி சோடியாக அட்டையில் அமர்ந்தன. தலைவர் பார்த்துப் பாராட்டினார்.

அந்தத் தீபாவளிக்கு அக்காள் வீட்டுக்குப் போனேன். மாமா தோசையில் பாதியைத் தின்றுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளினார். உடம்பு இளைத்திருந்தது. வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருந்தது. "உங்க மாமாவுக்கு வயசாவுது, தொப்பை போடுது" என்று அக்காள் கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்! அந்த நோயில் மண்ணீரல் வீங்கி, அரைவயிற்றிலேயே பசி அடங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாதா?

"ஆமா தம்பி, ரத்தம் எடுத்தியே, மாமாவுக்கு என்னா இருக்கு?" என்று அக்காள் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கு."

சொல்லிவிட்டேன். எவ்வளவு சாதாரணமாக வந்தது அந்தச் சொல்! மாமா எனக்குக் கோழிக்குழம்பை அள்ளி ஊற்றினார்.

அதன் பிறகு அவருக்கு அசதி வந்தபோதும், இரவில் உடம்பு வேர்த்தபோதும், தோட்டத்து டிரஸர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோதும் அவர் போகவில்லையாம். "எங்க மச்சான் ரத்தத்தையே பாத்துட்டான்" என்று மருந்து கட்டுகிற அந்த மனிதரையே அதட்டி அனுப்பினாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த ஆண்டு ஒரு காலையில் வார்டிலிருந்து பெயரோடு வந்த புட்டிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றின்மேல் மாமாவின் பெயர்! நோயாளிகள் பக்கம். புட்டியை மேசையில் வைக்கக்கூட எனக்கு ஆகவில்லை. கையில் பிடித்தபடியே வார்டுக்கு ஓடினேன்.

அக்காள் கட்டிலோரம் நின்று டாக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தா, எங்க தம்பியே வந்துட்டான்! அவன் போன வருசமே பாத்தாச்சு டாக்டர், ஒண்ணும் இல்லன்னு சொன்னான். நீங்கதான் தப்பா பாத்திருக்கீங்க. சொல்லு தம்பி, சொல்லுலா!"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மாமாதான் பேசினார். உதடு வெளுத்திருந்தது. "அவன ஏன் இப்படி நெருக்கி சூசா படுத்துற? அவன் பாத்தப்ப இருந்திருக்காது. இது பொறவு வந்திருக்கும்லா, மச்சான்?"

எனக்காக அவரே ஒரு பொய்யைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தார்! அது பொய்யென்று அவருக்குத் தெரியாது. நான் தலையாட்டினேன். ஆம், ஆட்டினேன்...

நோய் முற்றிப்போயிருந்தது. முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அந்நாளைய மருந்து நோயைத் தள்ளிப்போடும், தீர்க்காது. ஆனால் தள்ளிப்போட்ட அந்தக் காலம் அவருடையதல்லவா? பிள்ளைகளோடு இருந்திருப்பார். தோட்டத்துக்கு வெளியே ஒரு வீடு பார்த்து அக்காளைக் குடிவைத்திருப்பார். அதை எடுத்துக்கொள்ள நான் யார்?

மழைக்காலம் முடிவதற்குள் மாமா போய்விட்டார். என் கட்டுரை அச்சில் வந்தது. நோயற்றவர்களின் அட்டவணையில் அவரும் ஒருவர்.

மாமாவின் காரியம் முடிந்த மறுவாரம் அக்காள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் கையில் பிடித்திருந்தாள். அப்பாவுக்கு வந்தது பிள்ளைகளுக்கும் வருமோ என்று அவளுக்குப் பயம். இது அப்படிப் பரம்பரையாக வருவதில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"ஆஸ்பத்திரியில பாக்குறோம்னாங்க. நான் வேணான்னுட்டேன். நீ பாரு தம்பி. நீ சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். அவள் காலில் விழுந்திருக்கலாம். நான் ஊசியை எடுத்தேன். பெரியவன் கையை நீட்டினான். சின்னவள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

இந்த முறை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. போய் அக்காளிடம் சொன்னேன்.

அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உடனே நம்பிவிட்டாள்.