லோடு ஏத்துனது யாரு?

இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் தொழிலில், எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் நாம் ஒருத்தர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். நானும் ஆவூர்க்காரர் ஆரோக்கியமும்தான் சப்போர்ட். மும்பையில் இருக்கும் ஒரே சர்வரில் விதைக்கடை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று நம் மாவட்டத்துத் தளங்கள் ஏகப்பட்டவை சேர்ந்து குடியிருக்கின்றன. ஒரே தண்ணீர்த் தொட்டியை வைத்துப் பல குடித்தனம் நடக்கும் காம்பவுண்டு மாதிரி. ஒரு வீட்டில் குழாயைத் திறந்து விட்டால் மற்ற வீடுகளில் சொட்டுத் தண்ணீர் வராது. அப்படிச் சர்வரின் முன்னால் வேலைகள் வரிசை கட்டி நிற்பதைத்தான் லோடு என்கிறோம். லோடு ஏறினால் போன் அடிக்கும். எந்த வீட்டுக் குழாய் என்று கண்டுபிடிப்பது எங்கள் பிழைப்பு. "இந்தா, பாத்துக்கிட்டே இருக்கேன்ங்க" என்று வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாடிக்கையாளரிடம் சொன்னவரா நீங்கள்? அப்படியென்றால் நம்ம கட்சிதான். வாங்க, உட்காருங்க.

விதைக்கடைக்குள் இன்னொரு கடை

ஒரு நாள் காலையில் இருந்தே சர்வர் மூச்சு வாங்கியது. ஓடுகிற வேலைகளைப் பார்த்தால், என்னவோ ஒன்று மொத்தத் திறனையும் தானே தின்று கொண்டிருக்கிறது. யாருடைய கணக்கில் என்று பார்த்தால் இலுப்பூர் விதைக்கடை. நெல் விதையும் உளுந்து விதையும் விலை போட்டிருக்கும் தளம்; நாலு பேர் வந்து போனால் பெரிய விஷயம். அதற்கு ஏன் இவ்வளவு பசி?

தோண்டிப் பார்த்ததில், கடைக்காரரின் மச்சினர் எங்கிருந்தோ ஓசியில் இறக்கிப் போட்ட டிசைனுக்குள் ஒரு திருட்டு புரோகிராம் ஒளிந்திருந்தது. நம் சர்வரின் உழைப்பில் யாரோ முகம் தெரியாத ஆளுக்கு இரவு பகலாக டிஜிட்டல் நாணயம், அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு உண்டாக்கும் பணம், சம்பாதித்துக் கொடுத்துக் கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்து, பாஸ்வேர்டை மாற்றி, டிசைனையும் மாற்றிவிட்டுக் கடைக்காரருக்கு விளக்கமாகச் சொன்னேன். பயந்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்: "நான் கடை தொறந்த நாள்லேருந்து அந்த சைட்டால ஒரு ரூவா பாத்ததில்லைங்க. அந்தாளு நம்பர் கெடைக்குமா, எப்புடின்னு கேட்டுக்கிறேன்?"

வைரத்தோட்டுப் பிரச்சினை

ஞாயிற்றுக்கிழமை ஆனால் லோடு ஏறும். திங்கட்கிழமை தானாக இறங்கிவிடும். இந்தக் கிழமைக் கணக்குதான் துப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டம் கூடுகிற இடம் எது என்று தேடியதில், வரன் பார்க்கும் தளம் ஒன்று மாட்டியது. திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், இப்போது சென்னைவாசி, தங்கள் ஆட்களுக்காக நடத்துவது. லீவு நாளில் மொத்தக் குடும்பமும் சோபாவில் உட்கார்ந்து பெண் தேடுகிறது.

தேடட்டும், தப்பில்லை. ஆனால் போட்டோக்கள் எல்லாம் போனில் எடுத்த முழு சைஸ். பட்டியலைத் திறக்கும்போதெல்லாம் சர்வர் ஒவ்வொரு போட்டோவையும் அப்போதுதான் புதிதாகச் சுருக்கிக் காட்டுகிறது. அதே பெண்ணை அடுத்த வீட்டில் பார்த்தால் மறுபடி சுருக்க வேண்டும். ஒரு தடவை சுருக்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும்படி மாற்றினோம். அடுத்த ஞாயிறு சர்வர் ஜம்மென்று இருந்தது. பாராட்டத்தான் தளத்துக்காரர் கூப்பிடுகிறார் என்று போனை எடுத்தேன். "சின்னப் படம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, ஆனா பெருசாக்கிப் பாக்குற வசதியை மட்டும் எடுத்துறாதீங்க. வைரத்தோட்டைப் பெருசாக்கிப் பாக்காம எங்க ஆளுக பேச்சையே ஆரம்பிக்க மாட்டாக!"

வருகை தந்தோர்

அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர், தன் தளம் ஆமை மாதிரி நகர்கிறது என்று தினமும் புகார் சொல்வார். அவர் தளத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று ஆரோக்கியம் பார்த்தார். ஒரே இன்டர்நெட் முகவரியில் இருந்து மூச்சு விடாமல் முதல் பக்கத்தைத் திறந்து கொண்டே இருக்கிறார்கள். இது தாக்குதல்தான் என்று முடிவு கட்டி அந்த முகவரியை அடைத்தார். லோடு அப்படியே சரிந்தது. நாங்கள் டீயை வாயில் வைக்கவில்லை, சென்டர்காரர் போனில் வந்துவிட்டார். ஸ்லோவாக இருந்தது போய் இப்போது சுத்தமாகவே வரவில்லையாம்.

அப்புறம்தான் புரிந்தது, நாங்கள் அடைத்தது அவர் சென்டரின் முகவரியையே. தாக்கியவரும் அவரே, தாக்கப்பட்டவரும் அவரே. பக்கத்தின் அடியில் "இதுவரை வருகை தந்தோர்" என்று ஒரு எண் ஓடும். அது ஏறட்டும் என்று, சென்டரில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களில் எல்லாம் அந்தப் பக்கம் தானாகத் திரும்பத் திரும்பத் திறக்கும்படி செய்து வைத்திருக்கிறார். ஏன் சார் இப்படி என்று கேட்டதற்குக் கொஞ்சமும் அசரவில்லை. "யாருமே வரலைன்னா நாமளாவது போயிட்டு வரணும்லங்க?"

கரை திரும்பிய படகுகள்

இது சிரித்துக்கொண்டே தொடங்கியதல்ல. ஒரு மதியம் லோடு ஏறிய வேகத்தில் எங்கள் திரையே உறைந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து ஒரு பள்ளிக்கூடத்தில் அட்மிஷன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். போன்கள் ஓயவில்லை. ஜெகதாப்பட்டினம் படகு உரிமையாளர் சங்கத்தின் தளம்தான் காரணம் என்று ஆரோக்கியம் கண்டுபிடித்தார். "அக்கா, துபாய், கத்தார், சிங்கப்பூர்னு எங்கெங்கிருந்தோ வந்து மோதுறாய்ங்க. அட்டாக்குதான். சைட்டை நிறுத்திரவா?"

நிறுத்துவதுதான் எங்கள் வழக்கம். ஒருத்தரால் எல்லாரும் கெடக்கூடாது. ஆனால் அத்தனை பேரும் ஒரே பக்கத்தைத்தான் கேட்டுக் கொண்டிருந்தார்கள். அதன் தலைப்பு "கரை திரும்பிய படகுகள்". எனக்கு என்னவோ போலிருந்தது. சங்கச் செயலாளருக்குப் போன் போட்டேன். "எல்லை தாண்டுனதா நம்ம படகுகளைப் புடிச்சுட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல பரவுதுங்க. நெசமா புரளியான்னு தெரியலை. கரைக்கு வர வர ஒவ்வொரு பேரா ஏத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். வந்து மோதியவர்கள் எல்லாம் பெண்டாட்டி, அண்ணன், தம்பி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்.

நிறுத்தும் பேச்சை விட்டோம். ஒவ்வொருவர் கேட்கும்போதும் சர்வர் அந்தப் பட்டியலைப் புதிதாகத் தேடித் தொகுத்துக் கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு பிரதியைத் தயாராக வைத்து, புதுப் பேர் ஏறினால் மட்டும் மாறும்படி செய்தார் ஆரோக்கியம். லோடு இறங்கியது. பள்ளிக்கூட விண்ணப்பங்களும் நகர ஆரம்பித்தன. வேலை முடிந்தது என்று எழுந்து போக முடியவில்லை. நாங்களும் அதே பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

அந்தப் பக்கத்தின் அடியில் போட்டிருந்த எங்கள் நம்பருக்கு ஒரு பெண் கூப்பிட்டார். தன் வீட்டுக்காரர் போன படகின் பேர் இன்னும் வரவில்லை, உங்கள் கம்ப்யூட்டரிலாவது இருக்கிறதா என்று கேட்டார். நீங்கள் பார்ப்பதைத்தான் நாங்களும் பார்க்கிறோம், எல்லாரும் விடாமல் ரிஃப்ரெஷ் பட்டனை அமுக்கியதில் எங்கள் மெஷினே திணறிப் போயிருந்தது என்று சொன்னேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் கடைசிப் பேரும் ஏறியது. இன்ஜின் கோளாறாம், இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துக் கொண்டு வந்திருக்கிறது. எவரையும் பிடிக்கவில்லை, எல்லாம் புரளி. ஆரோக்கியம் மேசையைத் தட்டிக் கத்தியதில் கீழே ஜவுளிக்கடையில் இருந்து ஆள் எட்டிப் பார்த்தது. அடுத்த நிமிடம் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டார். அழுகையும் சிரிப்பும் கலந்த குரல். "பேரு வந்துருச்சுக்கா! நானும் எம்புள்ளைகளும் இனிமே அந்தப் பட்டனைத் தொடமாட்டோம், ஒங்க மிஷினைச் செத்த உக்காரச் சொல்லுங்க."

லோடு ஏறினால் முதலில் மெஷினைச் சந்தேகப்படு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் நான் பார்த்தவரை மெஷின் பாவம் நல்ல பிள்ளை, தொந்தரவெல்லாம் அந்தப் பக்கம் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம்மால்தான்.