டிஸ்க் எதுவும் காணவில்லை

சந்தன வாசனை வந்தால் எனக்கு மின்விசிறி இரைச்சல் கேட்கிறது. கல்யாண வீட்டு வாசலில் நின்றாலும் அப்படித்தான். எது முதலில் வருகிறது, வாசனையா இரைச்சலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஓர் ஆய்வுக்கூடம். இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்துப் பட்டம் விடுகிற விஸ்வகர்மா பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரத்தில் அறுந்த பட்டங்கள், உள்ளே சர்வர் தலையில் வாடிய சாமந்தி. சர்வரில் ஓஎஸ் செத்துவிட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். நான்கு டிஸ்க்குகள். முதல் இரண்டில் ஓஎஸ். மற்ற இரண்டில் ஓர் ஆய்வு மாணவியின் மூன்று வருடம்: கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களும் கைவண்டி இழுக்கிறவர்களும் பேசிய பேச்சு, ஒலிப்பதிவாக. அந்த இரண்டையும் நான் தொடவே கூடாது.

"காப்பி வேற எங்கயாவது இருக்கா?"

"இருக்கு தீதி. இதே மெஷின்லதான், வேற ஃபோல்டர்ல."

அந்த மாணவிதான், துறைமுக ஊழியரின் மகள். பிறந்தது இங்கேதான், வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் வங்காளம்; அதனால் நான் அக்கா இல்லை, தீதி. அடுத்த மாதம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும்.

பென் டிரைவைச் செருகினேன். இன்ஸ்டாலர் மொழி கேட்டது, பிறகு கடிகாரத்துக்கு ஊர் கேட்டது. சென்னையில் வேலை பார்த்த காலத்திலும் இந்த இடத்தில் கொல்கத்தா என்றுதான் அழுத்துவேன். இந்தியாவுக்கென்று அந்தப் பட்டியலில் இருப்பது இந்த ஓர் ஊர்தான். பார்க்காத ஊரை எத்தனை வருடம் அழுத்தியிருக்கிறேன். இப்போது அதற்குள்ளேயே உட்கார்ந்து அதையே அழுத்தினேன். அடுத்த திரையில், டிஸ்க் எதுவும் காணவில்லை என்றது.

கண்ணெதிரே நான்கும் குத்துக்கல்லாட்டம் இருக்கின்றன.

பென் டிரைவை மாற்றினேன். செருகும் இடத்தை மாற்றினேன். துவங்கும் முறையை மாற்றி, திரும்பவும் பழையபடி வைத்தேன். ஒவ்வொரு முறையும் ஊர் கேட்டது, ஒவ்வொரு முறையும் கொல்கத்தா, ஒவ்வொரு முறையும் காணவில்லை.

"டிஸ்க் செத்துப்போச்சா?"

"தெரியல."

"அப்ப உயிரோட இருக்கா?"

"தெரியலம்மா."

"தெரிஞ்சது ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்களேன், தீதி!"

டிஸ்க்குகளை மேய்க்கிற கார்டுக்கென்று தனித் திரை உண்டு. அதைத் திறந்தேன். நான்கும் இருக்கின்றன, ஆனால் வேறெங்கிருந்தோ வந்தவை என்றது அது. இரண்டு வழி காட்டியது: இவற்றைப் பழையபடி ஏற்கவா, துடைத்துவிடவா? எங்கிருந்து வந்திருக்க முடியும்? யாரும் எதையும் நகர்த்தவில்லை என்றுதானே சொன்னார்கள். வந்த கதை தெரியாமல் ஏற்கவும் பயம். விரலை எடுத்துக்கொண்டேன். மின்சாரத்தை நிறுத்தி, முதல் டிஸ்க்கை உருவினேன்.

அதன் விலாவில் சந்தனம். நடுவில் குங்குமம். நான்கிலும்.

"ஏ மா..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "நான்தான். பூஜை அன்னிக்கு எல்லாரும் மெஷினுக்கு வெளிய சிந்தூர் வச்சாங்க. எங்க வீட்டுல ஆயுத பூஜைக்கு அம்மா கத்தரிக்கோல், ஸ்பேனர், அருவாமணைன்னு ஒண்ணு விடாம வைப்பாங்க. என் பதிவெல்லாம் டிஸ்க்குலதானே இருக்கு, அதான்... நாலையும் எடுத்துத் தட்டுல வரிசையா வச்சு..."

"ஓடிட்டிருக்கும்போதேவா?"

"அன்னிக்கு எந்த மெஷினும் ஓடாதே! ஸ்க்ரீன் கருப்பாத்தான் இருந்துச்சு."

"அது மானிட்டர்மா. உள்ள ஃபேன் இரைஞ்சிருக்குமே, கேக்கலியா?"

"வாசல்ல மைக் செட்டு. நீங்க பேசினாக்கூடக் கேட்டிருக்காது."

நாள் வங்காளத்து நாள், பொட்டு எங்கள் வீட்டுப் பொட்டு. ஓடுகிற சர்வரின் வயிற்றிலிருந்து நான்கையும் உருவியதில் ஓஎஸ் போயிற்று. திரும்பி வந்தவற்றைத் தன்னுடையவை என்று சர்வர் நம்பவில்லை. அவளைத் திட்ட வேண்டும் என்று தோன்றியது. என் வீட்டு மிக்ஸியில் போன வருடப் பொட்டு இன்னும் இருப்பதும் நினைவுக்கு வந்தது.

"திரும்ப வச்சப்ப இடம் மாத்தினியா?"

"இல்ல. வரிசையா எடுத்தேன், வரிசையா வச்சேன்."

"நிஜமா?"

"நிஜமா. ...நிஜமாத்தான்னு நினைக்கிறேன்."

அந்த நினைப்பை நம்பி, நான்கையும் செருகி, மின்சாரம் கொடுத்து, ஏற்கிறேன் என்று அழுத்தினேன். அவள் திரையைப் பார்க்காமல் மரத்துப் பட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்டாலர் மறுபடி ஊர் கேட்டது. கொல்கத்தா. இந்த முறை டிஸ்க்குகளைக் காட்டியது. முதல் இரண்டில் மட்டும் ஓஎஸ் போட்டேன். மற்ற இரண்டைத் திறந்து, கைக்கு வந்த ஒரு பதிவைத் தட்டினாள். லாரி ஹாரன், அதற்கு மேல் ஒரு கைவண்டிக்காரர் யாரையோ வைதுவிட்டுத் தானே சிரித்தார். அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கடைசி வாரத்துப் பதிவுகளில் நான்கு மட்டும் திறக்கவில்லை. ஏன் அந்த நான்கு? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வாசல்வரை வந்தாள். நான் ஆட்டோவில் ஏறிய பிறகும் அதன் கம்பியை விடவில்லை.

"தீதி, எல்லாத்தையும் இன்னொரு டிஸ்க்ல போட்டுக் கொண்டாந்து தரேன். உங்க வீட்டுல இருக்கட்டும்."

"கொண்டா. பொட்டு வைக்காமக் கொண்டா."